பசை காய்வதற்குள்

(காஞ்சிபுரத்தில் ஒரு நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் 'பயண எழுத்தாளர்' என்று அச்சடித்துவிட்டார்கள். நான் எழுதியதெல்லாம் மணியார்டர் பாரமும் ரிஜிஸ்டர் தபால் ரசீதும்தான். 36 வருடம் அஞ்சல் துறையில் இருந்து, சப் போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்றவன். வெளிநாடு என்று போனது ஒரே தடவை. மகன் தென்கொரியாவில் சுவோன் என்கிற ஊரில் வேலையாக இருக்கிறான். பேரனைப் பார்க்கும் சாக்கில் 2023 மே மாதம் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தேன். இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கொரியக் கம்பெனிகள் வந்த பிறகு கொரியா நமக்கு ஷிப்ட் பஸ் போகிற இடம் மாதிரி ஆகிவிட்டது. அதனால் பெருமையாகச் சொல்ல இதில் ஒன்றும் இல்லை.

விளக்குத் திருவிழாவைப் பார்ப்பதற்காக நான் சியோலுக்குப் போகவில்லை. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். போனது ஒரு தபால் ஆபீசைப் பார்க்க. கொரியாவின் முதல் அஞ்சலகக் கட்டடம் இன்னும் நிற்கிறது என்று எங்கேயோ படித்திருந்தேன். "எங்கே கூட்டிப்போகட்டும் அப்பா, அரண்மனைக்கா, டவருக்கா?" என்று மகன் கேட்டான். தபால் ஆபீசுக்கு என்றேன். மருமகள் உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

சுவோனில் முதல் எண் ரயிலில் ஏறினால் மாறாமல் ஜோங்காக் நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து நடக்கிற தூரம். தெருவின் பெயரே அஞ்சலகச் சாலைதான், உஜோங்குக்-ரோ. ஓட்டுக் கூரை போட்ட சின்னக் கட்டடம், நம் பக்கத்துக் கோயில் மண்டபம் அளவுகூட இருக்காது. அதன் கதை பெரிது. 1884 டிசம்பர் 4ஆம் தேதி இரவு அங்கே திறப்பு விழா விருந்து. அந்த விருந்தையே வாய்ப்பாக்கிக்கொண்டு ஒரு சீர்திருத்தக் கோஷ்டி ஆட்சியைப் பிடிக்கப் பார்த்தது. பக்கத்தில் தீ வைத்தார்கள், வெட்டு குத்து நடந்தது. மூன்றே நாளில் எல்லாம் அடங்கிப்போனது. அஞ்சல் துறையின் முதல் தலைவர் ஹோங் யோங்-சிக் கொல்லப்பட்டார். தபாலும் நின்றுபோனது, மறுபடி தொடங்க 1895 ஆயிற்று. எங்கள் துறையில் வேலைநிறுத்தம் பார்த்திருக்கிறேன், புரட்சி பார்த்ததில்லை.

இந்த 1895ஐ மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் வேண்டியிருக்கும்.

கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பினால், அடுத்த மனையில் வானத்தைக் காணோம். மிகையாகச் சொல்லவில்லை. அங்கே ஜோக்யேசா என்ற பௌத்த கோயில் இருக்கிறது. கொரிய பௌத்தத்தின் பெரிய பிரிவான ஜோக்யே சங்கத்தின் தலைமைக் கோயில். அதன் முற்றம் முழுக்கக் கம்பி இழுத்து, இடைவெளியே தெரியாமல் காகித விளக்குகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். முற்றத்தில் பல நூற்றாண்டு வயதான மரம் ஒன்று நிற்கிறது. அது விளக்குகளைத் துளைத்துக்கொண்டு மேலே போயிருந்தது. வெயில் அந்தக் காகிதத்தின் வழியாக இறங்கி, தரையில் நடக்கிறவர்கள் முகத்தில் எல்லாம் நிறம் நிறமாக விழுந்தது.

நான் அண்ணாந்து பார்த்தது விளக்கையல்ல. ஒவ்வொரு விளக்கின் அடியிலும் நீளமாக ஒரு தாள் தொங்குகிறது, வால் மாதிரி. அதில் எழுத்து. மகனைக் கேட்டேன். குடும்பத்தார் பெயரும் வேண்டுதலும் என்றான். அப்பா பெயர், அம்மா பெயர், பிள்ளைகள் பெயர், உடல்நலம், பரீட்சை, வேலை. காற்றடிக்கும்போது ஆயிரக்கணக்கான தாள்களும் ஒரே நேரத்தில் சரசரவென்று திரும்பின. காலை ஏழரை மணிக்குத் தபால் பை பிரித்துக் கொட்டும்போது மேசைமேல் ஒரு சத்தம் வருமே, அதே சத்தம். தபால்காரனுக்கு அது மறக்காது.

முற்றத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் நிறமே இல்லை. அத்தனையும் வெள்ளை விளக்கு. இறந்துபோனவர்களுக்காகக் கட்டுவது. அதிலும் வால் தாள், அதிலும் பெயர். எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கடிதம் யாருக்கு வந்ததோ அவர் இறந்திருந்தால், உறையின்மேல் 'பெறுபவர் காலமானார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியவருக்கே திருப்பிவிட வேண்டும். எத்தனை உறையில் அப்படி எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. அந்த வெள்ளை விளக்குகளின் கீழே கொஞ்ச நேரம் நின்றேன். மகன் கூப்பிட்டும் நகரவில்லை.

அன்று மே 20, சனிக்கிழமை. அன்று மாலைதான் ஊர்வலம் என்பது அங்கே போய்தான் தெரிந்தது.

திருவிழாவின் பெயர் யோந்துங்ஹ்வே. 'துங்' என்றால் விளக்கு, 'ஹ்வே' என்றால் கூடுதல். இந்த 'யோன்' என்பதில்தான் குழப்பம். கொரிய மொழியில் தாமரைக்கும் யோன், ஏற்றுவதற்கும் யோன். கையில் இருப்பதெல்லாம் தாமரை விளக்கு என்பதால் வெளிநாட்டார் பலகாலம் இதைத் தாமரை விளக்கு விழா என்றே சொல்லிவந்தார்கள். சீன எழுத்தில் எழுதிப் பார்த்தால் அது ஏற்றுதல். விளக்கேற்றக் கூடுவது, அவ்வளவுதான் பெயர். பூவைவிட வினைக்கு இடம் கொடுத்த பெயர் என்பதால் எனக்கு இது பிடித்திருக்கிறது.

எவ்வளவு பழையது என்றால், சில்லா அரசின் காலத்தில் 866ஆம் ஆண்டு, முதல் மாதம் பதினைந்தாம் நாள், க்யோங்முன் அரசர் ஹ்வாங்யோங்சா கோயிலுக்குப் போய் விளக்குகளைப் பார்த்தார் என்று அவர்களுடைய பழைய வரலாற்று நூலில் குறிப்பு இருக்கிறது. அந்தக் கோயில் இன்று இல்லை. மங்கோலியர் எரித்ததற்குப் பிறகு க்யோங்ஜு நகரில் அடிக்கற்கள் மட்டும் கிடக்கின்றன. 866 என்றால் இங்கே பல்லவர்களின் கடைசிக் காலம்.

அடுத்து வந்த கோர்யோ வம்சத்தில் இது அரசு விழா. வம்சத்தைத் தொடங்கிய வாங் கோன் 943இல் சாவதற்கு முன் பிள்ளைகளுக்கு விட்டுச்சென்றதாகப் பத்துக் கட்டளைகள் இருக்கின்றன. விளக்கு விழாவை விட்டுவிடாதீர்கள் என்பது அதில் ஆறாவது. பிள்ளைகள் கேட்கிற அழகு நமக்குத் தெரியாதா? 987இல் ஒரு பேரன் நிறுத்திவிட்டார். 1010இல் இன்னொரு பேரன் மறுபடி தொடங்கினார். முதலில் தை மாசிப் பௌர்ணமியை ஒட்டி நடந்தது. போகப் போகப் புத்தர் பிறந்தநாளுக்கு, அதாவது அவர்களுடைய நான்காம் மாதம் எட்டாம் நாளுக்கு, நகர்ந்துகொண்டது.

இதெல்லாம் ராஜா கதை. எனக்கு முக்கியம் அதற்கு அடுத்தது.

1392இல் ஜோசோன் வம்சம் வந்தது. அவர்கள் கன்பூசிய வழிக்காரர்கள். பௌத்தத்தைக் கண்டால் ஆகாது. அரசு விழா நின்றது. கோயில்களை மலைக்குத் தள்ளினார்கள். பிக்குகள் தலைநகருக்குள் நுழையவே கூடாது என்று நீண்ட காலம் தடை இருந்தது. அந்தத் தலைநகரம்தான் இன்றைய சியோல். தடை நீங்கிய வருடம் எது? 1895! தபாலும் பிக்குகளும் ஒரே வருடத்தில் அந்த ஊருக்குள் வந்திருக்கிறார்கள். இன்றைக்கு இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து மனை.

சரி, அரசன் கைவிட்டான், பிக்கு உள்ளே வர முடியாது. விழா என்ன ஆக வேண்டும்? செத்திருக்க வேண்டும். சாகவில்லை. காரணம் சின்னப் பிள்ளைகள்.

கோர்யோ காலத்திலிருந்தே ஒரு பழக்கம். ஹோகி என்று பெயர். விழாவுக்குப் பல நாள் முன்பிருந்தே பிள்ளைகள் ஒரு கம்பில் காகிதத்தை வெட்டி ஒட்டிக் கொடியாகப் பிடித்துக்கொண்டு, கூச்சல் போட்டபடி தெருத்தெருவாகப் போவார்கள். வீடு வீடாக அரிசியும் துணியும் கேட்பார்கள். அதை வைத்து விளக்குச் செய்ய வேண்டியதைச் செய்வார்கள். நம் ஊரில் மார்கழி பஜனைக்கும் பிள்ளையார் சதுர்த்திக்கும் பையன்கள் உண்டியல் குலுக்கிக்கொண்டு வருகிறார்களே, அந்த ரகம். கதவைச் சாத்திக்கொள்கிற வீடும் இருந்திருக்கும், யார் கண்டது.

1849இல் தொகுக்கப்பட்ட 'டோங்குக் செசிகி' என்ற நூல் இருக்கிறது. அந்த நாட்டு மாத வழக்கங்களை எழுதிவைத்த நூல். அதில் வருகிறது: வீட்டில் எத்தனை பிள்ளைகளோ அத்தனை விளக்கு. வாசலில் உயரமான கம்பம் நட்டு, உச்சியில் காட்டுக்கோழி இறகு சொருகி, கயிற்றில் விளக்கை ஏற்றுவார்கள். தாமரை மட்டும் இல்லை. தர்ப்பூசணி விளக்கு, பூண்டு விளக்கு, ஆமை விளக்கு, கெண்டை மீன் விளக்கு. பூண்டு வடிவத்தில் விளக்குச் செய்த ஜனங்கள் எனக்கு நெருக்கமாகத் தெரிகிறார்கள்.

அந்த நூலில் இன்னொரு செய்தி. அப்போது ஊரில் இரவு ஊரடங்கு உண்டு. ஜோங்னோ என்கிற பெரிய வீதியில் மணிக்கூண்டு. ஜோங்னோ என்றாலே மணித் தெரு. இரவு 28 தடவை மணி அடித்தால் கோட்டைக் கதவைச் சாத்துவார்கள், விடியற்காலை 33 தடவை அடித்தால் திறப்பார்கள். இந்த முப்பத்து மூன்று என்பது பௌத்தத்தின் முப்பத்து மூன்று தேவர் கணக்கு, நம் முப்பத்து முக்கோடி தேவர்களின் தாயாதிதான். விளக்கு விழா இரவு மட்டும் ஊரடங்கு கிடையாது. கன்பூசிய அரசு, பௌத்தத்தை ஒதுக்கிய அரசு, அந்த ஒரு ராத்திரி கண்ணை மூடிக்கொண்டது. ஆண்களும் பெண்களும் இருட்டும் நேரத்தில் ஊரைச் சுற்றியுள்ள மலையடிவாரங்களில் ஏறி நின்று, கீழே வீடுகளில் ஏற்றியிருக்கும் விளக்குகளைப் பார்ப்பார்களாம். வீட்டுக்குள் அடைபட்டே கிடந்த பெண்களுக்கு அந்த இரவு எப்படி இருந்திருக்கும்! சட்டத்தை யாரும் மாற்றவில்லை, வருடத்துக்கு ஒருமுறை மறந்தார்கள்.

பிறகு ஜப்பானியர் ஆட்சி, போர், நாடு இரண்டானது. அதையெல்லாம் வேகமாகத் தாண்டுகிறேன். 1955இல் ஜோக்யேசாவைச் சுற்றியுள்ள தெருக்களில் மறுபடி விளக்கு ஊர்வலம் போக ஆரம்பித்தது. கிறிஸ்துமசுக்கு 1949லேயே அரசு விடுமுறை உண்டு. புத்தர் பிறந்தநாளுக்கு 1975இல்தான் கிடைத்தது, அதுவும் யோங் டே-யோங் என்ற வழக்கறிஞர் கோர்ட்டுக்குப் போய்ப் போராடிய பிறகு. ஊர்வலம் 1976 முதல் யோயிடோ சதுக்கத்திலிருந்து நடந்தது, 1996 முதல் டோங்டேமுன் பக்கத்திலிருந்து பழைய மணித் தெரு வழியாகப் போகிறது. 2012இல் தேசியப் பண்பாட்டுச் சொத்து ஆனது. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அந்த வருடம்தான் கொரோனாவால் ஊர்வலமே நடக்கவில்லை. பத்மஸ்ரீ கொடுக்கும் நேரத்தில் ஆள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த மாதிரி.

இப்போது அந்தச் சனிக்கிழமை மாலைக்கு வருவோம்.

ஜோங்னோ எட்டு வழிச் சாலை அளவுக்கு அகலமான வீதி. பஸ், கார் எல்லாம் நிறுத்திவிட்டார்கள். நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலி. எங்களுக்கு இடம் கிடைத்தது ஜோங்காக் மணிக்கூண்டுப் பக்கம், அதாவது ஊர்வலத்தின் கடைசிப் பகுதி. கிழக்குக் கோட்டை வாசலில் ஏழு மணிக்குக் கிளம்பி எங்களிடம் வந்துசேர நேரமாகும் என்றார்கள். பேரன் இரண்டு ஐஸ்கிரீம் முடித்துவிட்டான்.

மே மாதம் அங்கே ஏழே முக்கால் வரை வெளிச்சம். முதல் வரிசை வந்தபோது உண்மையைச் சொன்னால் எனக்கு ஏமாற்றம். நான்கு திசைக் காவல் தேவர்கள், வெள்ளை யானை, டிராகன் எல்லாம் தேர் மாதிரி உருண்டு வந்தன. அந்த வெளிச்சத்தில் அவை வெறும் காகிதப் பொம்மை. கம்பிக்கூடு வெளியே தெரிந்தது, ஒட்டுப் போட்ட இடம் தெரிந்தது. 'இதற்கா இவ்வளவு கூட்டம்' என்று மகனிடம் சொல்லக்கூடச் செய்தேன்.

பிறகு இருட்டியது. எந்த நிமிஷம் என்று சொல்ல முடியவில்லை. ஒட்டுப் போட்டது மறைந்தது, கம்பி மறைந்தது. யானையின் காதுக்குள் ரத்த ஓட்டம் தெரிகிற மாதிரி ஒரு சிவப்பு வந்தது. ஹான்ஜி என்ற அந்தக் காகிதத்தைக் காகித மல்பெரி மரத்தின் பட்டையிலிருந்து கையால் செய்கிறார்கள். நார் நீளமானது, அதனால் வெளிச்சம் அதற்குள் தங்கித்தான் வெளியே வருகிறது. டிராகனுடைய செதில் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. நான் சற்றுமுன் சொன்னதை மகன் நினைவுபடுத்தவில்லை, நல்ல பிள்ளை.

பெரிய விளக்குகளுக்குப் பின்னால் மனிதர்கள். பல்லாயிரம் பேர். ஒவ்வொரு கோயிலிலிருந்தும் ஒரு கூட்டம், ஒரே நிறத்து ஹான்போக் உடை, ஆளுக்கு ஒரு கை விளக்கு. கிழவிகள், கல்லூரிப் பிள்ளைகள், கைக்குழந்தையைத் தூக்கிய தகப்பன்கள், மொட்டைத் தலைப் பிக்குணிகள். ஒரு வரிசைப் பெண்கள் பறை மாதிரிக் கனமான முரசு அடித்துக்கொண்டு போனார்கள். இன்னொரு வரிசை ஒரே பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போனது: சொக்கமோனி-புல், சொக்கமோனி-புல். 'சொக்கன் எங்கே இங்கே வந்தான்' என்று ஒரு கணம் திகைத்தேன். மதுரைச் சொக்கன் இல்லை, சாக்கியமுனி. நம் பக்கத்துச் சொல் சீனா வழியாகச் சுற்றிப்போய் அந்த ஊர் நாக்கில் அப்படி ஆகியிருக்கிறது. பின்கோடு இல்லாமல் போட்ட கடிதம் எத்தனை ஊர் முத்திரை வாங்கினாலும் கடைசியில் போய்ச் சேர்வதில்லையா?

காஞ்சிபுரத்தில் நின்றுகொண்டு இதைச் சொல்கிறபோது நீங்கள் போதிதர்மரை எதிர்பார்ப்பீர்கள். 2011இல் '7ஆம் அறிவு' படம் வந்ததிலிருந்து ஆட்டோ ஓட்டுநர்கூட அவரைப் பற்றிச் சொல்கிறார். நான் வேறொருவரைச் சொல்கிறேன். வச்சிரபோதி. தென்னிந்தியர். கைலாசநாதர் கோயில் கட்டிய ராஜசிம்ம பல்லவன் காலத்தில் இந்த ஊரோடு தொடர்பு உள்ளவராகச் சீன வரலாறுகள் சொல்லும் ஆசிரியர். கடல் வழியாகச் சீனாவுக்குப் போனார். அங்கே அவருக்கு ஒரு கொரிய மாணவர் கிடைத்தார், சில்லா நாட்டுப் பிக்கு ஹ்யேச்சோ. அந்த மாணவர் 720களில் இந்தியாவுக்கே புறப்பட்டு வந்து, சுற்றிப் பார்த்து, பயணக் குறிப்பு எழுதினார். அது தொலைந்துபோய் 1908இல் துன்ஹுவாங் குகையில் கிடைத்தது. பயண எழுத்தாளர் என்று அழைப்பிதழில் போடுவதென்றால் அவருக்குப் போடலாம்.

ஊர்வலத்தில் கொரியர்கள் மட்டும் இல்லை. அங்கே பிழைக்க வந்த நேபாளிகள், இலங்கைக்காரர்கள், பர்மாக்காரர்கள், தாய்லாந்துக்காரர்கள் அவரவர் உடையில் அவரவர் விளக்கோடு போனார்கள். வாரம் ஆறு நாள் தொழிற்சாலையில் வேலைபார்க்கிறவர்கள் பலர். அந்தத் தெருவில் அன்றைக்கு அவர்களுக்குக் கை தட்டினார்கள். என் மகனும் அங்கே பிழைக்கப் போனவன்தானே, அதனால் எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே பட்டது.

அப்போது அது நடந்தது. வரிசையில் போய்க்கொண்டிருந்த ஒரு பாட்டி, எழுபத்தைந்து இருக்கும், நேரே என்னிடம் வந்தார். கையிலிருந்த விளக்கை என் கையில் வைத்தார். ஏதோ சொன்னார். திரும்பி வரிசையில் சேர்ந்துகொண்டார். நான் மகனைப் பார்த்தேன். "வாங்கிக்குங்க அப்பா, கடைசியில அவங்க இப்படித்தான் கொடுத்துட்டுப் போவாங்களாம்." விளக்கு கையில் வந்தவன் நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியுமா? எழுந்து நின்றேன். நின்றவன் நடக்காமல் இருக்க முடியுமா? பேரனையும் இழுத்துக்கொண்டு அந்த வால்பகுதியோடு நானும் நடந்தேன்.

மணிக்கூண்டுக்கு எதிரே நாற்சந்தியில் மேடை. அங்கே போய்ச் சேர்ந்ததும் மேலிருந்து இளஞ்சிவப்புக் காகித இதழ்களை வாரி இறைத்தார்கள். மழை மாதிரி. மூக்குக் கண்ணாடியில், சட்டைப் பைக்குள், பேரன் வாயில். யார் யாரோ கை கோத்தார்கள். கங்காங்சுல்லே என்று ஒரு வட்ட ஆட்டம், பெண்கள் ஆடிவந்த பழைய ஆட்டம். கும்மியில் கை தட்டுவதற்குப் பதில் கையைப் பிடித்துக்கொண்டால் எப்படியோ அப்படி. என் இடது பக்கம் ஒரு போலந்துப் பையன், வலது பக்கம் ஒரு பிக்குணி. முட்டி வலியை மறந்து இரண்டு சுற்றுச் சுற்றினேன். மறுநாள் முட்டி என்னை மறக்கவில்லை.

இதோடு ஒப்பிட இன்னொரு விளக்கு விழா நினைவுக்கு வருகிறது. தாய்லாந்தில் சியாங்மாய் நகரத்தில் யீபெங் என்று ஒரு விழா. ஆயிரக்கணக்கில் காகிதக் கூண்டை வானத்தில் பறக்கவிடுவார்கள். போட்டோவில் அற்புதமாக இருக்கும். அதற்காக விமானங்களையே ரத்து செய்ய வேண்டியிருக்கிறது. கூட்டமாகப் பறக்கவிடும் இடங்களில் டிக்கெட். ஒரு டிராவல்ஸ்காரர் எனக்கு அந்தப் பேக்கேஜை விற்கப் பலநாள் போன் செய்தார். அந்த ஊர்க்காரர்களுக்கு அது பழைய, மதிப்புக்குரிய விழா, குறை சொல்லவில்லை. ஆனால் விட்டுவிடுகிற விளக்கு வேறு, சுமந்து போகிற விளக்கு வேறு. விட்டுவிட்டால் கை சும்மா ஆகிவிடுகிறது, உடனே போன் எடுக்கத் தோன்றுகிறது. சுமந்து போனால் கை ஓயாது. அன்றைக்கு நான் ஒரு போட்டோகூட எடுக்கவில்லை.

மறுநாள் ஞாயிறும் போனோம். கோயில் முன்தெரு முழுக்கக் கூடாரம் போட்டு, வருகிறவர்களுக்கு விளக்குச் செய்யக் கற்றுக்கொடுக்கிறார்கள். இதை மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

கம்பிக் கூட்டின்மேல் வெள்ளைத் தாள் ஒட்டித் தருவார்கள். தாமரை இதழ்கள் தனியாக, மெல்லிய சாயத் தாளில் வெட்டியவை. ஒரு இதழை எடுத்து அதன் நுனியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து முறுக்க வேண்டும். திரி திரிப்பது போலத்தான். கார்த்திகைக்குப் பஞ்சைத் திரித்த கைக்குச் சுலபம் என்று உட்கார்ந்தேன். எதிரில் இருந்த அம்மாள் என் முதல் இதழைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பிரித்தார். நீவினார். மறுபடி முறுக்கிக் காட்டினார். விஷயம் என்னவென்றால் நுனி மட்டும் ஊசியாக வர வேண்டும், முறுக்கு கீழே இறங்கினால் இதழின் வயிறு சுருங்கிவிடும். வயிறு உப்பி நின்றால்தான் பூ. மேல் வரிசையிலிருந்து ஒட்டிக்கொண்டு வர வேண்டும். அடுத்த வரிசையின் இதழ் மேல் வரிசையின் இரண்டு இதழுக்கு நடுவில் வந்து, பசை போட்ட இடத்தை மறைக்கும். கடைசியில் பச்சை இலைகள், அவை தலைகீழாகக் கீழ்நோக்கி. முடிப்பதற்குள் விரல் பத்தும் ரோஜா நிறம். இரண்டு நாள் போகவில்லை. பேரன் தன் விளக்கில் வாசனைக்காக ஒரு மிட்டாய் ஒட்டியிருந்தான்.

முறுக்கிக்கொண்டே இருக்கும்போது பக்கத்து மேசையில் ஒருவர் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். புத்தருக்காக அரசர் ஆயிரக்கணக்கில் விளக்கு ஏற்றினாராம். பிச்சை எடுத்துப் பிழைக்கும் ஒருத்தி, அன்றைய காசுக்கு எண்ணெய் வாங்கி ஒரே ஒரு விளக்கு வைத்தாளாம். விடிகிற நேரத்தில் எல்லாம் அணைந்துவிட்டது, அவளுடையது மட்டும் எரிந்தது. பெரிய சீடர் மொக்கலானரே வந்து விசிறியும் அணையவில்லை. கொரியாவில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த கதை என்றான் மகன். நமக்குத் தலைமுடியை எரித்த கணம்புல்லர் இருக்கிறார், தன் ரத்தத்தை வார்க்கத் துணிந்த கலியனார் இருக்கிறார். எண்ணெய் தீர்ந்துபோகிற கதை ஏழை ஊருக்கெல்லாம் பொது.

விளக்கை மகன் கையில் கொடுத்துவிட்டு நான் மட்டும் கோயிலுக்குள் போனேன். வெள்ளை விளக்குக்குப் பதிவு செய்கிற மேசை இருந்தது. பணம் கட்டினால் ரசீது தருகிறார்கள். ரசீது தருகிற இடத்தில் எனக்கு எப்போதும் நம்பிக்கை. அங்கிருந்த பெண் பேனாவைக் கொடுத்தார். எந்த மொழியில் எழுதுவது என்று கையால் கேட்டேன். உங்கள் விருப்பம் என்று கையாலேயே சொன்னார். என் மனைவி இறந்து அப்போது நாலு வருடம். தாமரை என்று பொருள்படும் நாலைந்து பெயர்கள் நம் வீடுகளில் உண்டே, அதில் ஒன்றுதான் அவள் பெயர். தமிழில் எழுதினேன். அடியில் பழக்கதோஷத்தில் காஞ்சிபுரம், பின்கோடும் எழுதிவிட்டேன். அந்தப் பெண் எண்களைப் பார்த்துவிட்டு, பிறந்த தேதியா என்று கேட்டது போலிருந்தது. தலையாட்டிவிட்டேன்.

மே 27, புத்தர் பிறந்தநாள் அன்று மறுபடி போனோம். வருகிற எல்லோருக்கும் பிபிம்பாப் என்ற சோறு போட்டார்கள். காய்கறியும் கீரையும் போட்டுக் கலந்து சாப்பிடுவது. பூண்டு வெங்காயம் சேர்க்காத கோயில் சமையல். ஏகாதசிக்கு மறுநாள் சாப்பிட்ட மாதிரி இருந்தது. பிறகு வெள்ளை விளக்குகளுக்கு அடியில் தேடினேன். எத்தனை வரிசை! எல்லாத் தாளிலும் வட்டமும் கோடுமாகக் கொரிய எழுத்து. கழுத்து வலித்தது. முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு பேரன்தான் கண்டுபிடித்தான். அவனுக்குத் தமிழ் படிக்க வராது. "தாத்தா, அந்தத் தாள்ல மட்டும் நம்பர் இருக்கு" என்றான். 631501.

கையால் செய்த விளக்கை ஊருக்குக் கொண்டுவர முடியவில்லை. பெட்டியில் வைத்தால் நசுங்கும். பாட்டி கொடுத்ததும் நான் செய்ததும் சுவோன் வீட்டுப் பால்கனியில் தொங்குகின்றன. ஆனால் இதழ்த் தாள் ஒரு கட்டு வாங்கி வந்தேன். அஞ்சலகச் சாலையில் வாங்கியது. இந்த மேசைமேல் இருக்கிறது. கம்பிக் கூடு கிடைக்கவில்லை, அதனால் பேப்பர் கப். பசை மைதா மாவில் நானே காய்ச்சினேன், துளி மயில்துத்தம் போட்டிருக்கிறேன், பிள்ளைகள் யாரும் வாயில் வைக்க வேண்டாம். கூட்டம் முடிந்து நன்றியுரை சொல்ல நிர்வாகி தயாராக இருக்கிறார். அவர் சொல்லிக்கொண்டிருக்கட்டும், நீங்கள் எழுந்து வாருங்கள். நுனியை மட்டும் முறுக்க வேண்டும், வயிற்றை விட்டுவிட வேண்டும். மின்விசிறிக்குக் கீழே வைத்துவிட்டேன், பசை காய்ந்துகொண்டிருக்கிறது.